கண்மாய்ப் பக்கம் வடக்கு

போன மாதம் புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியை ஒருவர் எனக்குப் போன் செய்து, "டீச்சர், நாலாம் வகுப்புக்குத் திசைகள் பாடம் எடுக்கணும். எத்தனை பீரியடு வச்சுக்கிடலாம்?" என்று கேட்டார். ஒரு பீரியடு தாராளம் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். நாலே நாலு திசை. மூலைகளையும் சேர்த்தால் எட்டு. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? ஆனால் எனக்கு வாய் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன். யோசித்ததை இப்போது, புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் வாயைக் கொடுத்தால் அப்படித்தான்.

நான் அருப்புக்கோட்டை நெசவாளர் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ், இரண்டையும் அமுக்கிக்கொண்டு தறிச் சத்தம். எங்கள் தெருவில் யாரும் திசையைச் சொல்லி வழி சொல்ல மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம், கோயில் பக்கம், சோத்துக்கைப் பக்கம், அவ்வளவுதான். பல பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு, தலைமையாசிரியை என்ற பட்டத்தோடு பரளச்சிக்கும் அப்பால் ஒரு சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அறைகள், கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கண்மாய். கண்மாய்க்குள் தண்ணீர் இருக்கிற நாளைவிடக் கருவேல முள் இருக்கிற நாள்தான் அதிகம்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இடது வலது என்ற பேச்சே கிடையாது. எல்லாமே திசைதான். போன முதல் நாளே ஒரு பெரியவர், "டீச்சர், சேரக் கொஞ்சம் மேக்கால இழுத்துப் போட்டு உக்காருங்க, எறவாரத் தண்ணி சொட்டும்" என்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திருவிழாவில் தொலைந்தவள் மாதிரி நின்றேன். ஒரு கல்யாணப் பந்தியில், "ஏலே, அந்த வடக்கு எலைக்கு ரசத்த ஊத்து" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் மனைவியிடம், "முதுகுல இன்னுங் கொஞ்சம் தெக்கால சொறி" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். படித்தவள் அல்லவா, சிரிப்பு வராமல் இருக்குமா?

நான் அங்கே போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஐப்பசி மாதம். அந்தக் கரிசக்காட்டில் மூன்று நாள் தொடர்ந்து வானம் மூடிக் கிடப்பது என்றால் அது திருவிழாவுக்குச் சமம். சூரியன் எங்கே என்றே தெரியாத ஒரு திங்கட்கிழமை, நாலாம் வகுப்புக்குத் திசைகள் பாடம் எடுத்தேன். கரும்பலகைக்கு மேலே ஓர் ஆணி இருந்தது. அதில் தமிழ்நாட்டு வரைபடத்தை மாட்டினேன். மேலே வடக்கு, கீழே தெற்கு, வலப்பக்கம் கிழக்கு, இடப்பக்கம் மேற்கு. பிள்ளைகள் பாட்டாகவே பாடினார்கள். அதோடு விட்டிருக்கலாம். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் கரும்பலகை வடக்குச் சுவரில் இருந்தது. அதே நினைப்பில், "இப்ப நீங்க எல்லாரும் பாத்து உக்காந்திருக்கீங்களே, பலகை இருக்கிற பக்கம், அதுதான் வடக்கு" என்று சொல்லிவிட்டேன்.

முதல் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். பாண்டீஸ்வரி என்று பேர். இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் அவிழ்ந்து கிடக்கும்.

"டீச்சர், அது தெக்கு. அங்கிட்டுத்தான கம்மா இருக்கு. கம்மா தெக்கதான இருக்கு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வெளியே போய் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆடு மேய்க்கிறவர் போதும். அந்த இடத்தில் எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "கம்மாயை வச்சா திசை சொல்லுவாங்க? புத்தகத்தைப் பாத்துச் சொல்லு" என்று அதட்டினேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் விடவில்லை. பாடத்தை வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்களே, அந்தப் புத்திசாலித்தனம் அப்போதுதான் வந்து தொலைத்தது. "உங்க வீட்டுல வடக்க தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்கல்ல? அந்த வடக்கு எதுன்னு இப்பத் தெரிஞ்சுதா? கம்மாய்ப் பக்கம். மறக்கக் கூடாது" என்றேன். எவ்வளவு அருமையாக நடத்தினோம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை காலை வானம் வெளுத்தது. பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குள் நுழைந்தேன். பிள்ளைகளின் இடப்பக்கத்து ஜன்னல் வழியாகப் பளீரென்று வெயில் விழுந்து கிடந்தது. நான் மேற்கு என்று சொல்லிக் கொடுத்த ஜன்னல் அது. சாக்பீஸ் கையில் இருக்க அப்படியே நின்றேன். நான் சொன்ன கணக்குப்படி அன்றைக்குச் சூரியன் மேற்கில் உதித்திருந்தான்.

தம்பிகளே, தங்கச்சிகளே, நான் செய்த பெரிய தப்பு இதற்கு அப்புறம்தான் வருகிறது. திசையைத் தப்பாகச் சொன்னதை மன்னித்துவிடலாம், ஆனைக்கும் அடி சறுக்கும். அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? இடைவேளையில் பிள்ளைகள் வெளியே போனதும், வரைபடத்தைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னப் பிள்ளைகள்தானே, நாலு நாளில் மறந்துவிடும், அப்புறம் சரியாகச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை.

இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாண்டீஸ்வரி மட்டும் வாசலிலேயே நின்று, இடம் மாறிய படத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வெயிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை, கோபம் இல்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. நான் வருகைப் பதிவேட்டைக் குனிந்து எழுத ஆரம்பித்தேன். அதில் எழுத ஒன்றுமே இல்லை.

மறுநாள் அவள் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் அவளுடைய அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வேகுவேகென்று பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"டீச்சர், கொஞ்சம் வீட்டுக்கு வாங்க. புள்ள எந்திரிக்க மாட்டேங்குது. நேத்துலருந்து சோறு தண்ணி இல்ல. நீங்க சொன்னாத்தேன் கேக்கும்."

வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு வந்ததிலிருந்துதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பாண்டீஸ்வரியின் அப்பா வேலுச்சாமி, கருவேல விறகு ஏற்றிய லோடு லாரியின் மேலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்தவர். மாவுக்கட்டுப் போட்டு ஒரு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். தலைமாடு எப்போதும் தெற்கே, கண்மாயைப் பார்த்து.

"திங்கக்கெழம சாயங்காலம் புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்துச்சு டீச்சர். எங்க மதினி பருத்திக்காட்டுல இருந்து இன்னும் வரல. 'அப்பா, நீங்க தலை வச்சிருக்கிறது வடக்கு, டீச்சர் சொன்னாக, ஆகாதாம்'னு ஒரே அழுக. அண்ணன் கையை ஊண்டி ஊண்டித் திரும்ப, இது அந்த மாவுக்கட்டுக் காலத் தூக்கித் தூக்கி வச்சு, தலையணைய அங்கிட்டு மாத்திருச்சு. மதினி வந்து பாத்துட்டு, 'ஏண்டி, அப்பனை வடக்கால தலைய வச்சா படுக்கப் போட்ட'ன்னு ரெண்டு சாத்து சாத்துச்சு. எங்கண்ணனும் கூறுகெட்டதனமா, 'விடு, டீச்சர் சொன்னா சரியாத்தேன் இருக்கும், நாமதேன் இத்தன நாளும் தப்பாப் படுத்துருக்கம்'னு அப்படியே கெடந்துருச்சு. மூணு ராத்திரி டீச்சர். வியாழக்கெழம சாயங்காலம் ஒடம்பு அனலாக் கொதிக்குது. புள்ள பள்ளிக்கூடத்துல இருந்து ஓடியாருது, வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாக. மதினியும் கூடப் போயிருச்சு, புள்ள எங்க வீட்டுலதேன் இருக்கு."

அவள் ஏன் ஓடி வந்தாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இடம் மாறிய படத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஓடி வந்திருக்கிறாள்.

"ஊருல வாய் சும்மா இருக்குமா? வடக்கால தலைய வச்சதுலதேன் வந்துச்சுன்னு அது காதுபடவே பேசிட்டாக" என்றார் அத்தை.

அத்தை வீட்டுக்குள் பாயில் படுத்துக் கிடந்தாள் பாண்டீஸ்வரி. கண் திறந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. அத்தை என் காதோடு, "பாத்தீகளா, வடக்கால தலை வச்சுத்தேன் படுத்திருக்கு. நாங்க திருப்பித் திருப்பிப் போடுறோம், மறுபடி மறுபடி வடக்கால படுக்குது. கேட்டா, 'எனக்கு வரட்டும், அப்பாவுக்கு வேணாம்'னு சொல்லுது" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒன்பது வயதுப் பிள்ளை. சாவை வழிமறித்துத் தன் பக்கம் திருப்பிவிடப் பார்க்கிறது.

என்ன சொல்வீர்கள் நீங்கள்? உட்கார்ந்து யோசித்தால் வழி கிடைக்கும். அங்கே நின்றால் கிடைக்காது. வடக்காவது தெற்காவது, எல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லலாம். ஆனால் போன திங்கட்கிழமை அதை வைத்துத்தானே நானே பாடம் நடத்தினேன்? அத்தையும் ஊரும் அதை நம்புகிறார்கள், அவர்கள் நடுவில் கிடக்கிற பிள்ளை என்னை மட்டும் நம்புவாளா? சரி, தப்பு என்னுடையது, நான்தான் திசையை மாற்றிச் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ளலாம். அப்படிச் சொன்னால், வடக்கே தலை வைத்ததால்தான் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்று நானே முத்திரை குத்தின மாதிரி. எந்தப் பக்கம் போனாலும் முள்.

கடைசியில், இரண்டாவதைத்தான் முதலில் செய்தாக வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "பாண்டீசு, நீ சொன்னதுதாம்மா சரி. கம்மாய்ப் பக்கம் தெற்கு. நான் தப்பாச் சொல்லிட்டேன். தப்புன்னு வியாழக்கிழமை காலையிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவள் முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சு ஏன் டீச்சர் சொல்லல?"

வேறு யார் கேட்டிருந்தாலும் ஏதாவது சமாளித்திருப்பேன். "வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

"அப்ப அப்பா செத்துப் போயிருமா டீச்சர்?"

போகாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நான் டாக்டரா? ஒரு தடவை நிச்சயமாகச் சொல்லித்தான் இந்தப் பாடு. "எனக்குத் தெரியாதும்மா. நாளைக்கு நாம போயிப் பாப்போம். ஆனா வடக்க தலை வச்சதால காய்ச்சல் வராது. அது மட்டும் எனக்குத் தெரியும்" என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாதது முகத்திலேயே தெரிந்தது. நான் கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் வெறுந்தரையில், வடக்கே தலை வைத்துப் படுத்தேன்.

"ஐயோ டீச்சர், எந்திரிங்க, எந்திரிங்க" என்று அத்தை பதறினார். பொய் சொல்ல மாட்டேன், முதுகு தரையில் பட்டதும் எனக்கும் அடிவயிற்றில் ஒரு பயம் சில்லென்று ஓடியது. இத்தனை வருஷம் அறிவியல் நடத்தியவள்தான். என் அம்மா சின்ன வயதில் சொல்லி வைத்த பயம், எந்தப் பாடப் புத்தகத்துக்கும் அடங்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெயில் என் காலில் ஊர்ந்தது. எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று தெரியாது. மெதுவாக ஒரு சின்னக் கை வந்து என் தலையைத் தட்டியது.

"டீச்சர், உங்க முடியில பூரா மண்ணு."

எழுந்து உட்கார்ந்து என் தலையைத் தட்டிவிட்டாள். அத்தை ஓடிப்போய்க் கஞ்சி கரைத்துக்கொண்டு வந்தார்.

அவள் குடித்து முடித்ததும் கையோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வகுப்பு முழுவதும் இருக்கும்போது, "போன திங்கட்கிழமை பாண்டீஸ்வரி சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. அவளை அதட்டினதும் தப்பு. கம்மாய்ப் பக்கம் தெற்கு" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "எங்களுக்கு அப்பவே தெரியும் டீச்சர்" என்றான்.

"தெரியும்னா ஏன்டா சொல்லல?"

"சொன்னவளை வஞ்சீகள்ல."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வடக்கு வேறு, ஊர் வடக்கு வேறு என்று வைத்துக்கொண்டார்கள். பரீட்சைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. அதில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைய உண்டு, நாமும் அவர்களைத்தான் பாராட்டுகிறோம். இவள் ஒருத்திதான் நான் சொன்னதை நிஜம் என்று வீடுவரை கொண்டுபோனாள். எதிர்த்துக் கேள்வி கேட்டவள்தான் முழுசாக நம்பியவளும். கேள்வி கேட்கிற பிள்ளையை அதட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அத்தையையும் அவளையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்பினேன். காரியாபட்டி தாண்டும்போது, "டீச்சர், மதுரை எந்தத் திசை?" என்று கேட்டாள். மதுரை வடக்கே இருக்கிறது. வலப்பக்கத்து ஜன்னலில் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. "நான் சொல்ல மாட்டேன். நீயே பாத்துக் கண்டுபிடி. இனிமே யாரு சொன்னாலும், நானே சொன்னாலும், ஒரு தடவை சூரியனையும் பாத்துக்க" என்றேன். அவள் பார்த்தாள், கண்டுபிடித்தாள், அத்தையின் மடியில் சாய்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நீளமான ஒரு வார்டு. இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், தலைமாடு சுவரோரம். வேலுச்சாமி நாலாவது கட்டிலில் இருந்தார். ஆள் இளைத்துக் கறுத்திருந்தாலும் கண்ணில் தெளிவு இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பாண்டீஸ்வரியின் அம்மா மகளை இழுத்து மடியோடு வைத்துக்கொண்டு, அடித்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தார். ஆனால் அவள் அப்பாவின் அருகே போகவில்லை. வார்டின் கோடியில் இருந்த ஜன்னலையும் அதன் வழியாகத் தரையில் விழுந்த காலை வெயிலையும் பார்த்தாள். அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பி நின்று, இடது கையை மெல்ல நீட்டினாள். கை நேராக அப்பாவின் தலைமாட்டைக் காட்டியது.

"டீச்சர்" என்றாள். "அப்பா தலை வடக்கால இருக்கு."

சத்தியமாக நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஏதோ ஒரு நல்ல வேளை, வாயில் இது வந்தது. "அப்பாவுக்கு மட்டுமா? நல்லாப் பாரு."

அவள் பார்த்தாள். முதல் கட்டில், இரண்டாவது கட்டில் என்று விரலை நீட்டிக்கொண்டே போனாள். "இந்த வரிசை பூராவுமே வடக்கு டீச்சர்." இரண்டாவது கட்டிலில் ஒரு முதியவர் தலையைச் சீவி முடித்து, மஞ்சப் பையில் துணிமணியை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் அவரிடமே போய்விட்டாள்.

"தாத்தா, வீட்டுக்குப் போறீகளா?"

"ஆமாத்தா, சீட்டுக் கிழிச்சுட்டாக."

"இந்தக் கட்டில்லயா படுத்திருந்தீக?"

"பின்ன? பன்னெண்டு நாளு. நல்ல காத்து வரும்."

அந்த நேரம் பார்த்துப் புண்ணுக்கு மருந்து வைக்க நர்சம்மா வந்தார். என்னை உறவுக்காரி என்று நினைத்துக்கொண்டு சத்தம் போட்டார். "நல்லா கேளுங்கம்மா. அரிக்குதுன்னு வெளக்கமாத்துக் குச்சிய மாவுக்கட்டுக்குள்ள விட்டுச் சொறிஞ்சிருக்காரு. உள்ள புண்ணு வச்சுப் பதினஞ்சு இருபது நாளாச்சு. சீழ் புடிச்சு, காய்ச்சல் வந்தப்புறம்தான் சொல்றாரு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலு போயிருக்கும். இப்பப் பயமில்ல."

பாண்டீஸ்வரி விரல் விட்டு எண்ணினாள். பதினைந்து இருபது நாள். தலையணையை மாற்றியது போன திங்கட்கிழமை. எத்தனை முறை எண்ணினாலும் குச்சிதான் முந்தியது. "வெளக்கமாத்துக் குச்சியையா விட்டீக?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அவர் திருட்டு முழி முழித்தார். அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறி, ஓடிப்போய் அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டாள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் வெட்கம் இல்லை.

அழுகை ஓய்ந்ததும் அம்மாவும் அத்தையும் அவளைக் கூட்டிக்கொண்டு டீ வாங்கக் கீழே போனார்கள். வேலுச்சாமியும் நானும் மட்டும் இருந்தோம். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "தப்பு என் மேலதாங்க. கம்மாய்ப் பக்கத்தைப் போயி வடக்குன்னு சொல்லிக் குடுத்துட்டேன். நீங்களும் அதை நம்பி..." என்று இழுத்தேன்.

அவர் சிரித்தார். "நான் எங்க டீச்சர் நம்புனேன்? பொறந்ததுலருந்து அந்த ஊருல கெடக்கேன். வடக்கு எது தெக்கு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தெரிஞ்சா ஏங்க அப்படிப் படுத்தீங்க?"

"எங்க வீட்டுல பள்ளிக்கூடம் போன மொத ஆளு அது. படிச்சுட்டு வந்து அன்னைக்குத்தேன் மொத மொதலா எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுக்குது. 'போத்தா, ஒங்க டீச்சருக்கு ஒண்ணும் தெரியல'ன்னு நான் சொல்லிட்டேன்னு வைங்க, நாளைக்கு நீங்க என்ன சொன்னாலும் அது மனசுல ஏறுமா? நீங்க எப்படியும் ஒரு நாளு கண்டுபுடிச்சுச் சரியாச் சொல்லிருவீக. அதுவரைக்கும் படுத்துக் கெடப்பம்னு கெடந்தேன்."

என்னவோ கேட்க வேண்டுமே என்று, "உங்களுக்கு இந்த வடக்கு தெற்கு நம்பிக்கையெல்லாம் கிடையாதா?" என்று கேட்டேன்.

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மகள் வருகிறாளா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லாமயா? எங்கப்பனைக் கடைசியில அப்படித்தேன கெடத்துனோம். மூணு ராத்திரியும் நான் கண்ண மூடல டீச்சர். மூடுனா எந்திரிக்க மாட்டமோன்னு ஒரே பயம். அதுகிட்டச் சொல்லிராதீக."

அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், திங்கட்கிழமை நீங்கள் வகுப்புக்குப் போகிறீர்கள்.